ஒரே மாவு, பல பலகாரம்

முன்பு கிராணி கையால் எழுதிய செக்ரோல் கணக்கை இன்று பல தோட்டங்களில் கணினி போடுகிறது. சம்பளம், கொள்முதல், சரக்கிருப்பு, விற்பனை ஆகிய கணக்குகளை ஒன்றாக இணைத்து நடத்தும் மென்பொருளை ஈ.ஆர்.பி. என்பார்கள். அது உருவாகும் விதத்தை இன்று பார்ப்போம்.

பால்மரத் தோட்டத்தில் பாலை நிறுக்கிறோம். செம்பனைத் தோட்டத்தில் குலைகளை எண்ணுகிறோம். கணக்கு வேறு வேறு. ஆனால், சேமநிதிப் பிடித்தமும் சம்பளச் சீட்டும் இரண்டுக்கும் பொது.

ஒரு தோட்டத்துக்கு எழுதிய மென்பொருளைப் படியெடுத்து, அங்கங்கே திருத்தி, இருபது தோட்டங்களுக்குக் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரி 1-இல், ஐவருக்கு மேல் அல்லது ஐவர் வேலை செய்யும் இடங்களில், மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ஆனது. இருபது படிகளையும் திறந்து திருத்த வேண்டும். ஒன்று விடுபட்டாலும் அந்தத் தோட்டத்தாருக்குக் கூலி குறையும்.

இதற்குத் தீர்வுதான் 'மென்பொருள் தயாரிப்பு வரிசை' முறை. ஒரே மாவில் இட்லியும் தோசையும் பணியாரமும் செய்வதுபோல, பொதுப் பகுதியை ஒரு முறை எழுதி, மாறக்கூடிய இடங்களை முன்கூட்டியே குறித்து வைக்கிறார்கள். ஒரே குடும்பத்து மென்பொருள்கள் என்ற கருத்தை டேவிட் பார்னாஸ் 1976-இல் விளக்கினார். 1990-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், எந்த அம்சம் கட்டாயம், எது விருப்பம், எதற்கு எது துணை என்று காட்டும் வரைபட முறையை வெளியிட்டார்கள். எடைக்கூலியைத் தேர்ந்தால் எடைப்பதிவும் உடன் வரவேண்டும் என்பதை அத்தகைய வரைபடம் சொல்லிவிடும்.

ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து விலகிய ஐவர் 1972-இல் ஜெர்மனியில் தொடங்கிய எஸ்.ஏ.பி., பல நிறுவனங்களுக்கும் பொதுவான மென்பொருளைச் செய்யும் வழியில் வளர்ந்தது. நாடு, நாணயம், வரி போன்றவற்றை வாங்குவோர் அட்டவணைகளில் குறித்துக்கொள்கிறார்கள்.

மாவு புளித்தால் எல்லாப் பலகாரமும் புளிக்கும். பொதுப் பகுதியில் நேரும் பிழை எல்லாத் தோட்டங்களுக்கும் போகும். அதனால் அதைப் பலமுறை சோதித்த பிறகே வெளியிட வேண்டும். அட்டவணையில் தவறாகக் குறித்தாலும் கணக்குப் பிசகும்.

கணினி போட்ட கணக்காயிற்றே என்று நாம் இருந்துவிடலாகாது. வேலை நாள், எடை, கூலி விகிதம், பிடித்தம் ஆகிய நான்கையும் சம்பளச் சீட்டில் மாதந்தோறும் பார்ப்போம். ஐயம் வந்தால் அந்த மாதமே ஆபீசில் கேட்போம்.