‘ஜாங்கலம்’ முதல் ‘ஜங்கிள்’ வரை: ஒரு சொல்லின் பொருள்மாற்றமும் தமிழ்க் ‘காடு’ம்

‘ஜங்கிள்’ என்னும் ஆங்கிலச் சொல்லைக் கேட்டவுடன் மனத்தில் எழுவது கதிரொளி புகாத, கொடிகள் பின்னிய, ஈரம் உலராத அடர்காடு. அச்சொல்லுக்கு மூலமாகிய வடமொழி ‘ஜாங்கலம்’ சுட்டியதோ இதற்கு நேர்மாறான நிலத்தை. மழை குன்றிய, மரங்கள் அருகிய, வானம் விரிந்து தெரியும் வறண்ட வெளியே அது. ஒரு சொல் தன் பொருளுக்கு எதிர்ப்பொருளை எய்திய முறையையும், அந்நிலத்திற்குத் தமிழ் வழங்கும் ‘காடு’ என்னும் சொல்லின் வழக்கையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ஆயுர்வேத நூல்களாகிய சரக, சுசுருத சங்கிதைகள் நிலத்தை ஜாங்கலம், ஆநூபம், சாதாரணம் என மூன்றாகப் பகுக்கின்றன. ஆநூபம் நீர்ப்பெருக்குடைய சதுப்பு நிலம். சாதாரணம் இரண்டும் கலந்தது. ஜாங்கலத்திற்குரிய மரங்களாகக் கூறப்படுவன வன்னி, இலந்தை, கருங்காலி முதலியன, விலங்கு மான். இந்நிலம் இழிவாகக் கருதப்படவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அங்கு வாழும் விலங்கின் ஊன் எளிதிற் செரிப்பது எனப்பட்டது. அரசன் குடியிருக்கத் தக்க நாடு ஜாங்கலமே என்று மனுதரும நூலும் கூறுகிறது. மகாபாரதம் குறிப்பிடும் ‘குருஜாங்கலம்’ என்னும் நாட்டுப்பெயரும் இப்பொருளிலேயே அமைந்தது. பிரான்சிஸ் சிம்மர்மன் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1982இல் வெளியிட்ட நூல் முழுவதும் இந்தப் பொருள்முரணை மையமாகக் கொண்டதாகும்.

வட இந்திய மொழிகளில் ‘ஜங்கல்’ என மருவியபோது உழப்படாத நிலம், புதர் மண்டிய நிலம் என்னும் பொருள்கள் அதனுள் புகுந்தன. ஆங்கிலம் எடுத்துக்கொண்டதும் இவ்வழக்கையே. 1776இல் வெளிவந்த ஹால்ஹெட்டின் இந்துச் சட்டத் தொகுப்பு, ஐந்தாண்டுகள் பயிரிடப்படாமற் கிடக்கும் நிலத்தை ‘ஜங்கிள்’ என்கிறது. ஆங்கில அச்சில் இச்சொல்லுக்குக் காட்டப்பெறும் மிகப் பழைய சான்றுகளுள் இது ஒன்று. இவ்வரையறையில் மரமும் இல்லை, விலங்கும் இல்லை. உழவு இல்லாமை ஒன்றே அளவுகோல். வரி கொடாத நிலம் எது என்று காண விழையும் ஆட்சியின் பார்வை இது என்பது என் கருத்து. 1805இல் வங்காளத்தில் கும்பினியார் ஒரு மாவட்டத்திற்கே ‘ஜங்கிள் மகால்கள்’ எனப் பெயரிட்டனர்.

அடர்காடு என்னும் பொருள் பின்னர் வலுப்பெற்றது. 1894இல் வெளியான கிப்ளிங்கின் ‘ஜங்கிள் புக்’ அச்சொல்லை உலகெங்கும் கொண்டு சென்றது. அந்நூலில் ‘காட்டின் சட்டம்’ என்பது விலங்குகள் கட்டுப்பட்டு நடக்கும் ஒழுங்கு; இன்றைய வழக்கிலோ அத்தொடர் சட்டமே இல்லாத நிலையைக் குறிக்கிறது. பழம்பொருளுக்கு மிக அணுக்கமாக ஆங்கிலத்தில் எழுதப்பட்டது, லெனார்டு வுல்ஃப் 1913இல் வெளியிட்ட ‘காட்டிலுள்ள ஊர்’ என்னும் பொருள்படும் தலைப்புடைய புதினம் எனலாம். அம்பாந்தோட்டையில் அரசு அலுவலராக இருந்த அவர் காட்டும் ‘ஜங்கிள்’ தண்ணீரற்றது, முள் நிறைந்தது, மக்களைத் தாகத்தால் வருத்துவது.

இனித் தமிழுக்கு வருவோம். ‘காடு’ என்பதை அடர்ந்த மரத்தொகுதி என மட்டும் பொருள்கொள்வது பள்ளிப்பாடம் தந்த பழக்கம். தொல்காப்பியம் காட்டை முல்லைக்குரிய நிலமாக்குகிறது. முல்லையோ ஆநிரை மேய்ப்பும் வரகும் சாமையும் உடைய நிலம், மானும் அதற்குரியது. ஜாங்கலத்தை ஒத்த நிலத்தோற்றம் இது. ‘காடு வாழ்த்து’ என்னும் காஞ்சித்துறையில் காடு என்பது பிணம் சுடும் இடம். தெலுங்கிலும் ‘காடு’ பெரும்பாலும் சுடலையையே குறிக்கும். மரம் அடர்ந்த நிலத்திற்கு அங்கு ‘அடவி’ என்பதே வழக்கு. ‘வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது’ என்னும் பழமொழியைக் கேட்பவர் எவரும் மரங்களை நினைப்பதில்லை.

வட்டார வழக்கு இன்னும் தெளிவானது. கொங்கு நாட்டில் கிணற்றுப் பாசனமுடையது தோட்டம். ஆற்று, வாய்க்காற் பாசனமுடையது வயல். மழையை நம்பிய புன்செய் காடு. சோளக்காடு, பருத்திக்காடு என்பனவும், கரிசல் மண்ணில் ‘கரிசக்காடு’ என்பதும் இவ்வகையின. ‘காட்டுக்குப் போயிட்டு வர்றேன்’ என்று அங்கு ஒருவர் கூறின், அவர் களையெடுக்கச் செல்கிறார் என்பதே பொருள். வெள்ளக்காடு, பிணக்காடு என்பவற்றில் அச்சொல் மிகுதிப்பொருளைத் தருகிறது. காட்டுமிராண்டி, காட்டுக்கூச்சல், காட்டுத்தர்பார் முதலிய தொடர்களோ ஊராரின் இகழ்ச்சியைச் சுமப்பன. ‘கான்கிரீட் காடு’ ஆங்கிலத்திலிருந்து வந்த புதுவரவு. ஊர்ப்பெயர்களில் பழமை தங்கியுள்ளது. திருமறைக்காடு ‘வேதாரண்யம்’ என மொழிபெயர்க்கப்பட்டபின், மூலப்பெயர் பதிகங்களிலும் கல்வெட்டுகளிலுமே பெரிதும் எஞ்சியது.

இப்பொருள் வேறுபாடு அகராதி அளவில் நிற்பதன்று. 1996 டிசம்பர் 12இல் கோதவர்மன் வழக்கில் உச்சநீதிமன்றம், உரிமை யாருடையதாயினும் காடு என்பதற்கு அகராதிப்பொருளையே கொள்ளவேண்டும் என ஆணையிட்டது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் அறிவிக்கை பெற்ற, அரசு ஆவணத்தில் பதிவான நிலங்களுக்குள் அதனைச் சுருக்கியது. 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் அகராதிப்பொருளையே தொடருமாறு இடைக்காலமாகப் பணித்தது. எந்த மொழியின் அகராதி என்னும் வினா இங்கு எழாமற் போகாது. தமிழில் துறைப்பெயர் ‘வனத்துறை’. அது காக்கும் நிலம் ‘காப்புக்காடு’. ‘வனம்’ என்றால் அடர்ந்த மரம் என்றே இன்று பொருள்படுகிறது. ‘காடு’ என்றால் உழவரின் சோளக்கொல்லையும் அதனுள் வந்துவிடும். வன்னியும் இலந்தையும் நிற்க, ஆடு மேயும் முட்புதர்க் கரடு இரண்டிற்கும் இடையில் விழுகிறது. வருவாய்க் கணக்கில் அதற்குப் பெரும்பாலும் வாய்த்த பெயர் ‘தரிசு’. ஹால்ஹெட் ‘ஜங்கிள்’ எனக் குறித்ததும் அதனையே.