மதிலோரம் மலர்ந்த நட்பு

1940-ம் ஆண்டு அக்டோபர் மாதம். ஜெர்மனியில் பெர்லினுக்கு வடக்கே, ராவென்ஸ்புரூக் பெண்கள் சிறைமுகாம். மதிலோரம் உலாவிக்கொண்டிருந்த ஒரு கைதியிடம், புதிதாக வந்த இன்னொருத்தி கையை நீட்டினாள்.

"நான் பிராகிலிருந்து வந்த மிலேனா!"

கை வீங்கியிருந்தது. அழுத்திக் குலுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அந்தக் கணத்தில் தொடங்கிய நட்பு, சாவுக்குப் பின்னும் அறுபடவில்லை.

மிலேனா யெசென்ஸ்கா செக் நாட்டுப் பத்திரிகையாளர். புகழ்பெற்ற எழுத்தாளர் காஃப்காவின் கதைகளைச் செக் மொழியில் பெயர்த்தவர். நாஜிகள் நாட்டைப் பிடித்தபோது, அபாயத்தில் இருந்தவர்கள் எல்லை கடக்க உதவினார். 1939 நவம்பரில் கைதானார். அப்போது அவருடைய மகளுக்கு 11 வயது.

இரண்டு சர்வாதிகாரிகளின் கைதி

மற்றவர் ஜெர்மானியப் பெண்மணி மார்கரெட் பூபர்-நாய்மன், தோழிகளுக்குக் கிரேட்டே. கம்யூனிஸ்டான அவர், ஹிட்லருக்குத் தப்பி ரஷ்யாவில் கணவருடன் தஞ்சம் புகுந்தார். அங்கே 1937-ல் கணவரை ஸ்டாலின் ஆட்சி சுட்டுக் கொன்றது. மறு வருஷம் கிரேட்டேயும் பிடிபட்டார். கஜகஸ்தானின் கரகண்டா முகாமில் உழைத்தார். 1940-ல் ரஷ்யர்களே அவரைப் பிரெஸ்ட்-லிடோவ்ஸ்க் பாலத்தில் நாஜிகளிடம் ஒப்படைத்தார்கள்!

இந்தச் செய்தி உண்மைதானா என்று அறியத்தான் மிலேனா அவரைத் தேடி வந்தார். பத்திரிகையாளர் அல்லவா?

ஆனால் முகாமிலிருந்த கம்யூனிஸ்ட் பெண்களுக்குக் கிரேட்டே சொன்னது கசந்தது. துரோகி என்று அவரை ஒதுக்கிவைத்தார்கள். 'எங்களோடு இரு, இல்லையேல் அவளோடு இரு' என்று மிலேனாவிடம் கண்டிப்பாகச் சொன்னார்கள். கூட்டமின்றி வாழ்வது கடினமான இடம் அது. ஆயினும் மிலேனா தயங்கவில்லை. கிரேட்டேயின் பக்கமே நின்றார்.

ஆஸ்பத்திரிக் காகிதங்கள்

முகாம் ஆஸ்பத்திரியில் மிலேனாவுக்கு எழுத்து வேலை கிடைத்தது. நோய் என்று காகிதத்தில் ஏறிவிட்டால் கைதியின் உயிருக்கே ஆபத்து. அதனால் ரத்தப் பரிசோதனை முடிவுகளை ரகசியமாக மாற்றி எழுதி, பல பெண்களைக் காப்பாற்றினார். அகப்பட்டிருந்தால் தண்டனை மரணம்தான்.

1943-ல் கிரேட்டேயை இருட்டுக் கொட்டடியில் அடைத்தார்கள். வாரங்கள் ஓடின. மிலேனா சும்மா இருக்கவில்லை. கைதிகள் பெயரைக் கேட்டாலே நடுங்கும் கெஸ்டபோ அதிகாரியிடம் தாமே நேரில் சென்று தோழிக்காக வாதாடினார். கிரேட்டே உயிரோடு வெளியே வந்தார்.

இருவருக்கும் ஓர் ஆசை இருந்தது. விடுதலையானதும் இரு சர்வாதிகாரங்களின் சிறைமுகாம்களைப் பற்றிச் சேர்ந்து ஒரு புத்தகம் எழுத வேண்டும். பசியிலும் குளிரிலும் அந்தப் பேச்சுதான் அவர்களுக்குத் தெம்பு.

விதி வேறு விதமாக இருந்தது. மிலேனாவின் சிறுநீரகம் கெட்டது. ஆபரேஷன் செய்தார்கள்; பயனில்லை. கிரேட்டே ஒளிந்து ஒளிந்து வந்து பார்த்துச் சென்றார். 1944 மே 17-ம் தேதி மிலேனா கண்மூடினார். வயது 47.

காப்பாற்றிய வாக்கு

1945 ஏப்ரலில் கிரேட்டே விடுதலையானார். ஆனால் நிம்மதி ஏது? ரஷ்யப் படை நெருங்கிக்கொண்டிருந்தது. மீண்டும் அவர்கள் கையில் சிக்கக் கூடாதென்று, குழம்பிக் கிடந்த ஜெர்மனியைக் கடந்து மேற்கே போனார்.

யுத்தம் முடிந்த சில ஆண்டுகளிலேயே, இரு சிறைகளின் கதையைத் தனியாக எழுதி முடித்தார். 1949-ல் பாரிஸ் நீதிமன்றத்தில், ரஷ்ய முகாம்கள் பொய்யல்ல என்று சாட்சி சொன்னார். 1963-ல் தோழியின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். ராவென்ஸ்புரூக்குக்கு அனுப்பப்பட்டதற்காக விதிக்கு நன்றி சொல்வதாக எழுதினார். அங்கேதானே மிலேனாவைச் சந்தித்தார்!

யூதர்களைக் காத்ததற்காக 1994-ல் இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம் மிலேனாவைக் கௌரவித்தது. அதைக் காணக் கிரேட்டே இல்லை. 1989 நவம்பர் 6-ம் தேதி அவர் காலமானார். மூன்றே நாட்களில் பெர்லின் சுவர் திறந்தது.

சேர்ந்து எழுத நினைத்த புத்தகத்தை ஒருவர்தான் எழுதினார். ஆனால் அதில் இருவரும் இருக்கிறார்கள்.