11 மாத இருட்டு... ஒரு தீவு கற்ற பாடம்!

2017 செப்டம்பர் 20. மரியா புயல் தாக்கியதில் கரீபியன் தீவான பியூர்ட்டோ ரிக்கோ முழுக்க கரன்ட் கட்! கடைசி வீடுகளுக்கு அது திரும்ப ஏறக்குறைய 11 மாதங்கள் ஆயின. புயலாலும் அதன் பின்விளைவுகளாலும் 2,975 பேர் இறந்ததாக அரசே ஏற்றுக்கொண்டது.

ஏன் இவ்வளவு தாமதம்? பெரிய மின்நிலையங்கள் பல இருப்பது தெற்கில். மக்கள் நெருக்கம் வடக்கில். நடுவே மலை. அதைத் தாண்டி வரும் மின்கம்பிகள் அறுந்து விழுந்ததும் ஊர்கள் இருண்டன.

ஆனால், அட்ஹுன்டாஸ் என்ற மலையூரில் 'காசா புவெப்லோ' மக்கள் அமைப்பின் கட்டடத்தில் மட்டும் விளக்கு எரிந்தது. காரணம், கூரையில் இருந்த சோலார். மருத்துவக் கருவிகளுக்கு சார்ஜ் போட மக்கள் அங்கே வந்தனர்.

2023-ல் அதே ஊரில் 14 கடைகளை இணைத்து, பேட்டரியுடன் சோலார் மின்கட்டமைப்பு வந்துவிட்டது. இனி மலை தாண்டும் கம்பி அறுந்தாலும், அங்கே ஃப்ரிட்ஜில் இருக்கும் மருந்து கெடாது!