மிதியறியும் பாதம்

சாலைகள் கூடும் ஊர்

சென்னையின் மேற்கு வாயிலாக விளங்குவது பூந்தமல்லி. மதுரவாயல், வேலப்பன்சாவடி வழியாக வரும் பெருஞ்சாலையும், பரங்கிமலையிலிருந்து போரூர், குமணன்சாவடி வழியாக வரும் சாலையும் இவ்வூரை வந்தடைகின்றன. சற்று அப்பால், நசரத்பேட்டை அருகே, வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் வெளிவட்டச் சாலை பெங்களூரு நெடுஞ்சாலையைக் கடக்கிறது. சரக்குந்துகளும் தொழிற்சாலைப் பேருந்துகளும் இருசக்கர வண்டிகளும் நெருங்கி ஊரும் இச்சாலைகளில், மகிழுந்து ஓட்டுபவரின் கால்களுக்கு ஓய்வே கிடைப்பதில்லை. சில அடி நகர்வதும் உடனே நிற்பதுமாகவே பயணம் அமைகிறது. இருக்கைப் பட்டை அணிந்தோமா, கண்ணாடிகளைச் சரிசெய்தோமா என்று எண்ணிப் பார்க்கும் ஓட்டுநர்களுள் பலர், காலில் அணிந்திருப்பது என்ன என்று பார்ப்பதில்லை. வீட்டு வாசலில் கிடந்த ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டே வண்டியைக் கிளப்பிவிடுகின்றனர்.

நடக்கும் காலும் ஓட்டும் காலும்

காலணி தமிழருக்குப் புதிதன்று. சங்க இலக்கியம் அதனைத் 'தொடுதோல்' என்று குறிப்பிடுகிறது. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, தொடுதோல் அணிந்து அணிந்து வடுப்பட்ட இடையரின் கால்களைக் காட்டுகிறது. முள்ளும் கல்லும் நிறைந்த காட்டில் கால்நடைகளின் பின்னே நடந்தோருக்குக் காலணி ஒரு காப்பு. தரைக்கும் பாதத்திற்கும் இடையே தடித்த தோல் இருப்பதே அங்கு நன்மை.

மகிழுந்து ஓட்டுபவரின் தேவை வேறு. அவருடைய பாதம் தரையை மிதித்து நடப்பதில்லை. மிதியை அழுத்தி, அதன் எதிர்விசையை உணர்ந்து, அதற்கேற்ப அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் இயங்குகிறது. எனவே நடப்பதற்கு வசதியான காலணி, ஓட்டுவதற்கும் பொருந்தும் என்று கொள்ள இயலாது.

மிதிகளின் இயக்கம்

கையால் பற்சக்கரம் மாற்றும் மகிழுந்தில் கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் என மூன்று மிதிகள் உள்ளன. இடக்கால் கிளட்சை இயக்குகிறது. மற்ற இரண்டையும் வலக்கால் ஒன்றே இயக்குகிறது. ஓட்டுநர் வலக் குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தை ஒரு மிதியிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்புகிறார். குதிகாலே இங்குச் சுழலச்சு. அது நிலையாக ஊன்றியிருந்தால்தான் முன்பாதம் தான் செல்ல வேண்டிய இடத்தைத் தவறாமல் அடையும்.

இந்த மாற்றத்தில் ஏற்படும் சிறு தாமதமும் பெரிய விளைவைத் தரும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு நொடியில் ஏறத்தாழ 16.7 மீட்டர் கடக்கிறது. செருப்பு மிதியில் சிக்கி அரை நொடி தாமதமானால், பிரேக் செயல்படத் தொடங்கும் முன்பே வண்டி 8 மீட்டருக்கு மேல் கூடுதலாக முன்னேறிவிடும். இது இரண்டு சிறிய மகிழுந்துகளின் நீளம். பேருந்து நிறுத்தத்திலிருந்து சாலையைக் கடக்கும் ஒருவருக்கு அந்த எட்டு மீட்டர் உயிருக்குச் சமம்.

எவை பொருந்தும்? எவை பொருந்தா?

பின்பட்டை இல்லாத ரப்பர் செருப்பு குதிகாலோடு இணைந்திருப்பதில்லை. பாதத்தைத் தூக்கும்போது அதன் பின்பகுதி தொங்குகிறது. முன்முனை மிதியின் அடியில் நுழையக்கூடும். வார் அறுந்தால் செருப்பே கழன்று மிதிக்குக் கீழே சென்றுவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், நீர் தேங்கிய தெருவைக் கடந்து வண்டியில் ஏறுபவரின் செருப்பு ஈரமாகி வழுக்கும்; பாதம் செருப்பிலிருந்து நழுவலாம், செருப்பு மிதியிலிருந்து நழுவலாம்.

உயர்ந்த குதியுடைய காலணியில் குதிகால் தரையில் முழுமையாக ஊன்றுவதில்லை, சுழலச்சு நிலையிழக்கிறது. மிகத் தடித்த அடிப்பகுதி மிதியின் அழுத்தத்தைப் பாதம் உணரவிடாமல் மறைக்கிறது. தொழிற்சாலைகளில் அணியும் கனத்த பாதுகாப்புக் காலணி பணியிடத்தில் கால்விரல்களைக் காக்கும். ஆனால் அதன் அகலம் காரணமாக, அருகருகே உள்ள இரு மிதிகளையும் ஒரே நேரத்தில் அழுத்திவிட நேரலாம். வெறுங்காலுடன் ஓட்டுவது மிதியை நன்கு உணரச் செய்யும் எனினும், ஈரப் பாதம் வழுக்கும். அவசர நேரத்தில் முழு விசையுடன் அழுத்துவதும் கடினம்.

பாதத்தைப் பின்புறமும் சேர்த்துப் பற்றுவதாக, அடிப்பகுதி மெல்லியதாகவும் வழுக்காததாகவும், கணுக்கால் தடையின்றி அசைய இடந்தருவதாக உள்ள காலணியே ஓட்டுவதற்கு உகந்தது. பின்பட்டையுடன் கூடிய செருப்பும் இறுகப் பொருந்தினால் பயன்படும். கயிறு கட்டும் காலணியாயின் முடிச்சின் நுனிகள் தொங்கலாகாது.

சட்டம் சொல்வது என்ன?

மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் உயர்த்தப்பட்ட தண்டத்தொகைகள் 2019 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தன. அப்போது, செருப்பு அணிந்து ஓட்டினால் தண்டம், லுங்கி கட்டி ஓட்டினால் தண்டம் என்ற செய்திகள் நாடெங்கும் பரவின. அதே மாதத்தில், மத்தியச் சாலைப் போக்குவரத்துத் துறை அமைச்சர் நிதின் கட்கரியின் அலுவலகம், அத்தகைய விதி ஏதுமில்லை என்றும் வதந்திகளை நம்ப வேண்டாம் என்றும் ட்விட்டரில் விளக்கமளித்தது.

அப்படியாயின், எதை அணிந்து ஓட்டினாலும் சட்டத்திற்கு அக்கறையில்லை என்று கருதலாமா? கருத இயலாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 184ஆம் பிரிவு, பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கும் முறையில் வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. முதல் முறை இக்குற்றம் புரிவோருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, 1,000 முதல் 5,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கவனக்குறைவால் உயிரிழப்பு நேர்ந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு பொருந்தும். செருப்பு அணிந்தது குற்றமாகாது. ஆனால் வண்டியை ஓட்டுநர் தம் கட்டுப்பாட்டில் வைக்கத் தவறியதற்கு, 'செருப்பு சிக்கிக்கொண்டது' என்பது தக்க விடையாகாது.

பிரித்தானியாவின் நெடுஞ்சாலை நெறிநூலும் எந்தக் காலணியையும் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. கட்டுப்பாட்டுக் கருவிகளைச் சரியாக இயக்கத் தடையாக இல்லாத காலணியையும் உடையையும் அணிய வேண்டும் என்று அதன் 97ஆம் விதி கூறுகிறது. எது தடை, எது தடையன்று என்று தீர்மானிக்கும் பொறுப்பை அது ஓட்டுநரிடம் விடுகிறது.

ஓட்டத் தொடங்கும் முன்

இப்பொறுப்பை நிறைவேற்ற மிகுந்த செலவோ உழைப்போ தேவையில்லை. ஓட்டுவதற்கென ஓர் இணைக் காலணியை வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம். கழற்றிய செருப்பை ஓட்டுநரின் காலடியில் விடாமல் பின்புறத்தில் வைக்க வேண்டும். உருளும் தண்ணீர்ப் புட்டி, நழுவும் தரைவிரிப்பு ஆகியனவும் மிதிகளின் அருகே இருத்தல் கூடாது. மழைநாளில் காலணியின் அடிப்பகுதியைத் துடைத்த பின்பே மிதியில் கால் வைக்க வேண்டும். புதிய காலணி வாங்கினால், வண்டி நின்றிருக்கும்போதே, வலக்காலைச் சில முறை ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்கிற்கு மாற்றிப் பார்ப்பது நல்லது. கால் எங்கேனும் தட்டினால் அக்காலணி ஓட்டுவதற்கு ஏற்றதன்று.

பூந்தமல்லியிலிருந்து அதே நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் இருங்காட்டுக்கோட்டை சிப்காட் தொழிற்பேட்டை வருகிறது. 1998 முதல் மகிழுந்துகளை உருவாக்கிவரும் ஹூண்டாய் தொழிற்சாலை அங்குள்ளது. மத்திய அரசின் காலணி வடிவமைப்பு மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தின் வளாகமும் அதே தொழிற்பேட்டையில் அமைந்துள்ளது. மேலும் சென்றால் தோல் காலணிகளுக்குப் பெயர்பெற்ற இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் உள்ளன. மகிழுந்தும் காலணியும் ஒரே சாலையின் ஓரத்தில் உருவாகின்றன. அவ்விரண்டையும் பொருத்தமுறச் சேர்ப்பது ஓட்டுநரின் கடமை.

பதினொன்றாம் வகுப்பு மாணவர் பலர் இன்னும் ஓரிரு ஆண்டுகளில் 18 வயதை எட்டி, மகிழுந்து ஓட்டும் உரிமம் பெறும் தகுதியை அடைவர். அதுவரை, வீட்டில் வண்டி ஓட்டும் பெரியோர் வாசலில் செருப்பைத் தேடும்போது, உரிய காலணியை எடுத்து நீட்டுவது அவர்களால் இன்றே இயலக்கூடிய செயல்.