ஆக்டோபஸ்: கண்ணாடித் தொட்டியில் வளர்க்கலாமா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டார இல்லங்களில் வண்ண மீன் வளர்க்கும் பழக்கம் புதிதன்று. அருகிலுள்ள கொளத்தூர் வண்ண மீன்களுக்குப் பெயர் பெற்ற ஊர். கப்பி, மோலி, தங்கமீன் முதலிய நன்னீர் மீன்களே அங்கு மிகுதி. வெளிநாட்டவர் சிலர் தம் வீட்டுத் தொட்டியில் ஆக்டோபஸ் வளர்ப்பதைக் காணொளிகளில் காணும் பிள்ளைகள், "நாமும் வளர்த்தால் என்ன?" என்று கேட்பது இயல்பே. ஆசைப்படுவது குற்றமன்று. எனினும், ஓர் உயிரை வீட்டுக்குக் கொண்டுவருமுன் அதன் இயல்பையும் தேவையையும் அறிந்துகொள்வது நம் கடமையாகும்.

இனங்காண்பது எப்படி?

நம் மீனவர்கள் ஆக்டோபஸைப் பேய்க்கணவாய் என்பர். ஊசிக்கணவாய்க்கும் ஓட்டுக்கணவாய்க்கும் எட்டுக் கைகளோடு, இரை பற்றுவதற்கென நீண்ட இரு கைகளும் உண்டு. ஆக்டோபஸுக்கு எட்டுக் கைகள் மட்டுமே. ஓட்டுக்கணவாயின் உடலுக்குள் இருக்கும் வெண்ணிற ஓடும் இதற்கில்லை. எலும்பற்ற இவ்வுடலில் கடினமான உறுப்பு, கிளி மூக்கைப் போன்ற அலகுதான். அந்த அலகு நுழையும் துளை கிடைத்தால் முழு உடலையும் நுழைத்துக்கொள்ளும்.

மூன்று இதயங்கள், செம்புச் சத்தால் நீலநிறம் பெற்ற இரத்தம், நொடியில் நிறம் மாறும் தோல், ஏறத்தாழ 50 கோடி நரம்புச் செல்கள் என்று படைத்தவனின் வல்லமையைப் பறைசாற்றும் உயிரினம் இது. அதன் அறிவு வியப்புக்குரியதே. ஆனால் 2010 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின்போது, ஜெர்மனியின் 'பவுல்' என்ற ஆக்டோபஸ் எட்டு ஆட்டங்களின் முடிவைச் சரியாகச் சொன்னதாக உலகமே ஆரவாரித்தது. அது தேர்ந்தெடுத்தது உணவுப் பெட்டியை மட்டுமே. மறைவானவற்றை அறிபவன் அல்லாஹ் ஒருவனே என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லவேண்டும்.

நீலவளைய ஆக்டோபஸ் என்னும் சிறிய இனம் இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் கடலிலும் வாழ்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அதன் நஞ்சு மனிதனின் மூச்சையே நிறுத்தவல்லது, முறிமருந்தும் இல்லை. எனவே, இனம் தெரியாத ஆக்டோபஸைக் கையால் தொடவே கூடாது.

அது கேட்கும் வீடு

சிறிய இனத்துக்கே குறைந்தது 200 லிட்டர் கொள்ளும் தொட்டி வேண்டும். சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாது. இதற்கென விற்கும் உப்புக் கலவையை, சுத்திகரித்த நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் கரைக்கவேண்டும். நீரில் அம்மோனியாவோ செம்போ கலந்தால் மரணந்தான். கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருகும்வரை புதுத் தொட்டியை இரண்டு மூன்று மாதங்கள் பக்குவப்படுத்தவேண்டும்.

வெப்பமண்டல இனங்களுக்கு ஏறத்தாழ 25 பாகை செல்சியஸ் ஏற்றது. கோடையில் 40 பாகையை எட்டும் நம் பகுதியில், குளிரூட்டும் கருவி இரவும் பகலும் ஓடவேண்டும். மின்தடை நீடித்தால் நீர் சூடேறி, பிராணவாயு குறைந்து, அவ்வுயிர் மடியும்.

மூடியும் இறுக்கமாக இருத்தல் அவசியம். 2016இல் நியூசிலாந்தின் நேப்பியர் நகரக் காட்சியகத்திலிருந்து 'இங்கி' என்ற ஆக்டோபஸ் வடிகுழாய் வழியே கடலுக்குத் தப்பிச் சென்றது. நண்டும் இறாலும் அன்றாடம் தேவை. ஒரே தொட்டியில் இரண்டை விட்டால் ஒன்றையொன்று கொன்றுவிடும். இத்தனை செய்தும், பெரும்பாலான சிறிய இனங்கள் ஓரிரு ஆண்டுகளே வாழும். முட்டைகளைக் காத்து நிற்கும் தாய், உணவின்றி மெலிந்து, குஞ்சுகள் பொரிந்ததும் இறந்துவிடும்.

மார்க்கம் காட்டும் வழி

உயிரினங்களை வளர்ப்பதை இஸ்லாம் தடுக்கவில்லை. சிறுவர் அபூ உமைர் வளர்த்த குருவி இறந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவரிடம் பரிவோடு விசாரித்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் நரகத்துக்குரியவளானாள் என்ற எச்சரிக்கையும் அந்நூல்களிலேயே உண்டு. ஆக்டோபஸை உண்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் கடல்வாழ் உயிரினங்கள் பொதுவாக ஆகுமானவை; ஹனஃபி மத்ஹபில் மீன் மட்டுமே ஆகும். ஆனால் உயிரை வதைக்கலாகாது என்பதில் எவருக்கும் வேறுபாடில்லை. பிரிட்டன் 2022இல் இயற்றிய சட்டமொன்று, ஆக்டோபஸையும் உணர்வுள்ள உயிர்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

ஆகவே, பெற்றோர்களே! பிள்ளை கேட்கிறானே என்று அவசரப்படாதீர்கள். முதலில் நாலைந்து கப்பி மீன்களை வாங்கிக் கொடுங்கள். வேளைக்கு உணவிடவும், நீரை மாற்றவும் அவனே பழகட்டும். ஓராண்டு அப்பொறுப்பை நிறைவேற்றினால் அதுவே பெரிய பயிற்சி. ஆக்டோபஸோ கடலிலேயே இருக்கட்டும். அதற்குத் தேவையானதை நம் வீட்டில் நம்மால் கொடுக்க இயலாது. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வோர் உயிரும் அமானிதம்; அதைப் பற்றி நாளை மறுமையில் நாம் கேட்கப்படுவோம்.

வாயில்லா உயிர்களிடம் இரக்கம் காட்டுவோராக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.