புதிய மூட்டும் பழைய வீடும்

தமிழ் மக்களின் வாழ்க்கை பெரும்பாலும் தரையோடு தரையாக நடப்பது என்பதை நாம் சாதாரணமாக நினைத்துப் பார்ப்பதில்லை. இலையின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அரிவாள்மணையில் ஒரு காலை மடித்து வைத்துக்கொண்டு நம் பெண்மணிகள் காய் நறுக்குகிறார்கள். விடியற்காலையில் குனிந்து கோலம் போடுகிறார்கள். கோயிலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குகிறோம். பள்ளிவாசலில் நம் முஸ்லிம் சகோதரர்கள் நெற்றி நிலத்தில் படத் தொழுகிறார்கள். கல்யாணத்தில் ஜமக்காளம், இரவில் பாய், காலையில் குந்தி உட்காரும் கழிப்பறை, எல்லாம் தரைதான். பல வீடுகளில் நாற்காலி இன்றும் வந்தவர்களுக்குப் போடும் சாமானாகவே இருக்கிறது.

இத்தகைய வீட்டிலிருந்து ஒருவர் ஆஸ்பத்திரிக்குச் சென்று, பழுதுபட்ட இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுப் புதிய மூட்டைப் பொருத்திக்கொண்டு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். "தரையில் உட்காராதீர்கள்; குந்தாதீர்கள்; கால்மேல் கால் போடாதீர்கள்; தாழ்வான ஆசனத்தில் அமராதீர்கள்" என்று வைத்தியர் சொல்லி அனுப்புகிறார். மேஜை நாற்காலியிலேயே பிறந்து வளர்ந்த மேல்நாட்டாருக்கு இவை நான்கு சிறு கட்டளைகள். நமக்கோ வீட்டையே புதிதாக அமைத்துக்கொள்ள வேண்டிய நான்கு பெரிய காரியங்கள்! ரண சிகிச்சை ஓரிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதன் பலன் முழுதும் கைக்கு வந்து சேர ஏறக்குறைய ஓராண்டு ஆகிறது. அந்த ஓராண்டைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

வேலூரில் வசிப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. 1900-ஆம் வருஷத்தில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய வைத்திய சாலை, இன்று சி.எம்.சி. என்ற மூன்றெழுத்தில் இந்தியா முழுவதும் பெயர் பெற்று விளங்குகிறது. அம்மையாரின் பெயர் தாங்கிய வீதியில் மாலை வேளையில் நின்று பார்த்தால், நான்கு கால் கொண்ட வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல நடப்பவர்களைக் காணலாம். ஒருவர் வங்காளி பேசுவார்; மற்றொருவர் குடியாத்தத்துத் தமிழ் பேசுவார். நடையில் மட்டும் இருவரும் ஒரே பாஷைதான்.

இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணமும் அதில் சுழலும் ஓர் உருண்டையுமாகும். இடுப்பெலும்பில் கிண்ணம் அமைந்திருக்கிறது; தொடையெலும்பின் தலையே அந்த உருண்டை. மேல்நாடுகளில் முதுமையால் இம்மூட்டுத் தேய்ந்து சிகிச்சைக்கு வருவோர் மிகுதி. நம் நாட்டில் அதைக் காட்டிலும் வேறு காரணங்கள் முன்னே நிற்கின்றன. தொடையெலும்பின் தலைக்கு ரத்தவோட்டம் குன்றி, எலும்பு உள்ளேயே செத்து நொறுங்கிப் போவது அவற்றில் முக்கியமானது. ஸ்டீராய்டு மருந்துகளை நீண்டகாலம் உட்கொள்வதாலும், மதுப் பழக்கத்தாலும், எலும்பு முறிவாலும் இது நேர்கிறது. ஆகையால் இங்கே முப்பதிலும் நாற்பதிலும், சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்கும் வயதிலேயே பலர் இந்தச் சிகிச்சைக்கு வந்து நிற்கிறார்கள். அவர்களுடைய கேள்வி, "வலி போகுமா?" என்பதோடு நிற்பதில்லை, "வேலைக்குத் திரும்பலாமா?" என்பதே அவர்களுடைய பெரிய கேள்வி.

இன்றைய செயற்கை மூட்டுக்கு வழிகாட்டியவர் ஜான் சார்ன்லி என்ற ஆங்கில ரண வைத்தியர். லங்காஷயரில் ரைட்டிங்டன் என்னுமிடத்து ஆஸ்பத்திரியில் அவர் வருஷக்கணக்காக ஆராய்ச்சி நடத்தினார். முதலில் டெஃப்லான் என்ற வழுவழுப்பான பொருளால் கிண்ணம் செய்து பார்த்தார். அது விரைவில் தேய்ந்து பலருக்குத் தொல்லை கொடுத்தது. மனந்தளராமல் 1962-ஆம் வருஷத்தில் பாலிஎதிலீன் என்ற கெட்டியான பிளாஸ்டிக் கிண்ணத்தையும், சிறிய எஃகு உருண்டையையும் சேர்த்து, பல் வைத்தியர்கள் பயன்படுத்தி வந்த ஒருவகைச் சிமெண்டினால் எலும்போடு ஒட்டவைத்தார். அது நிலைத்தது. 2007-இல் 'லான்செட்' என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரை இதை "நூற்றாண்டின் ரண சிகிச்சை" என்றே புகழ்ந்தது. 2019-இல் அதே பத்திரிகையில் வந்த மற்றோர் ஆராய்ச்சியின்படி, இத்தகைய மூட்டுகளில் சுமார் 58 விழுக்காடு 25 ஆண்டுகள் வரை நீடிக்கின்றன. ஆக, மூட்டு தன் கடமையைச் செய்கிறது. நம் கடமை என்ன?

முதற்கடமை பொறுமை. சிகிச்சையான மறுநாளே, சில இடங்களில் அன்றைக்கே, நோயாளியை எழுப்பி நிற்கவைக்கிறார்கள். அதைக் கண்டு வீட்டார், "எல்லாம் ஆகிவிட்டது" என்று மகிழ்ந்துபோகிறார்கள். உண்மையில் அப்பொழுதுதான் எல்லாம் ஆரம்பமாகிறது. முதல் ஆறு வாரங்கள் வாக்கரோ கைத்தடியோ துணை வேண்டும். மூட்டு இடம் விட்டு நழுவும் அபாயம் முதல் மூன்று மாதங்களில்தான் அதிகம். ஆகவே இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடக்காமலும், கால்களைக் குறுக்கே போடாமலும், உறங்கும்போது கால்களுக்கிடையே தலையணை வைத்தும் காத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். புதிய முறைகளில் சிகிச்சை செய்யும் சில வைத்தியர்கள் இக்கட்டுப்பாடுகளைத் தளர்த்துவதும் உண்டு. எனவே அண்டை வீட்டாரின் அனுபவத்தைவிடத் தம் வைத்தியரின் சொல்லையே ஒவ்வொருவரும் பிரமாணமாகக் கொள்ளவேண்டும்.

மூன்று மாதத்தில் வலி பெரும்பாலும் மறைந்துவிடும்; ஆனால் நடையில் ஒரு சாய்வு இருக்கும். நோய் கண்ட காலமெல்லாம் உழைக்காமல் சோம்பிக் கிடந்த இடுப்புத் தசைகள் பலம் பெறுவதற்கு இன்னும் பல மாதங்கள் ஆகும். நாள்தோறும் பயிற்சி செய்தவர்களுக்கு ஓராண்டுக்குள் அச்சாய்வு பெரும்பாலும் தேய்ந்து மறைகிறது. வலி போனவுடன் பயிற்சியை விட்டவர்களிடம் அது தங்கிவிடுகிறது. படியேறும்போது நல்ல கால் முன்னே. இறங்கும்போது சிகிச்சை செய்த கால் முன்னே. கைத்தடியைச் சிகிச்சை செய்த காலுக்கு எதிர்ப்பக்கத்துக் கையில் பிடிக்கவேண்டும். இவ்விரண்டு சிறு விதிகளையும் வீட்டிலுள்ள குழந்தைகள்கூட மனப்பாடம் செய்து பாட்டிக்கு நினைவூட்டலாம்.

சிலருக்கு ஒரு கால் மற்றதைவிடச் சற்று நீண்டோ குறுகியோ இருப்பதாகத் தோன்றும். பலருக்கு இவ்வுணர்ச்சி மாதக்கணக்கில் தானே அடங்கிவிடுகிறது. அடங்காதவர்களுக்கு, வைத்தியர் அளந்து சொன்ன கனத்தில் செருப்பின் அடியில் ஒரு தட்டு ஒட்டினால் போதும். காலணிக்குப் பேர்போன இந்தப் பிரதேசத்தில் அதற்கா பஞ்சம்!

காலணி என்றதும் நம் பிரதேசத்துத் தொழிலாளரின் நினைவு வருகிறது. பாலாற்றங்கரையை ஒட்டி ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று ஊர் ஊராகத் தோல் தொழில் நடக்கிறது. டேனரி என்று எல்லோரும் சொல்லும் தோல் பதனிடும் சாலைகளில் ஈரத்தோலைத் தூக்குவதும் இழுப்பதும் ஆண்களின் வேலை. வழுக்கும் தரையில் நிற்கவேண்டும். ஷூ கம்பெனிகளில் தைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். புதிய மூட்டுடையவர் மூட்டையைத் தூக்குவதும் வழுக்கும் தரையில் நிற்பதும் ஆகாது. உட்கார்ந்து தைப்பது ஆகும். ஆனால் ஆசனம் தாழ்ந்திருக்கக் கூடாது.

நமது பள்ளியில் படிக்கும் ஒரு மாணவியின் தாயார் அத்தகைய கம்பெனி ஒன்றில் தையல் வேலை செய்பவர். நாற்பத்து நான்கு வயது. தொடையெலும்பின் தலை நொறுங்கி, ஓராண்டுக்கு முன் மூட்டு மாற்றிக்கொண்டார். 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் பிறந்த ஈ.எஸ்.ஐ. திட்டம் நோயுற்ற தொழிலாளிக்கு வருஷத்தில் 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு கொடுக்கிறது. அது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் தசைகளுக்குத் திட்டத்தின் கணக்குத் தெரியாது. 91 நாள் முடிந்து அவ்வம்மையார் வேலைக்குச் சென்றபோது, பழைய ஸ்டூலில் அமர முடியவில்லை. "பூரண குணமான பிறகு வா, அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம் கூலியில்லாமல் வீட்டிலிருந்தார். அந்த மாதம் மகளின் படிப்பை நிறுத்திவிடலாமா என்று வீட்டில் பேச்சு நடந்ததையும் நாம் அறிவோம்.

பிறகு அந்தப் பிரிவின் மேற்பார்வையாளருக்கே ஒரு யோசனை தோன்றியது. தைத்து வந்த ஷூவைப் பரிசோதிக்கும் செக்கிங் மேஜைக்கு அவரை மாற்றி, உயரமான ஸ்டூல் ஒன்றையும் போட்டுக் கொடுத்தார். அங்கே சிறிது நேரம் நிற்கலாம். சிறிது நேரம் உட்காரலாம். ஓராண்டு நிறைந்த இப்பொழுது அவ்வம்மையார் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கைத்தடியின்றிக் கம்பெனி வாசல்வரை நடக்கிறார். பகல் உணவுக்குத் தோழிமார் தரையில் வட்டமாக உட்காருவது வழக்கம். இவர் மட்டும் தனியே படிக்கட்டில் அமர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். இப்போது அவர்கள் எல்லோருமே படிக்கட்டுக்கு வந்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி செய்த உபகாரத்தை அந்த உயரமான ஸ்டூல் பூர்த்தி செய்தது என்றே நாம் கருதுகிறோம். வேலூருக்கு இந்தப் பாடம் புதிதன்று. 1946-இல் இங்கு வந்த பால் பிராண்டு என்ற ரண வைத்தியர், தொழுநோயால் மடங்கிப்போன கைகளை நிமிர்த்திக் கொடுத்தார். கை நிமிர்ந்தவர்களுக்கு வேலை கொடுப்பார் இல்லை. பிச்சையெடுத்துப் பிழைத்தவர்களோ, கை நேரானபின் பிச்சையும் குறைந்துவிட்டது என்று அவரிடமே வந்து முறையிட்டார்கள். கையைச் செப்பனிட்டால் மட்டும் போதாது, அந்தக் கைக்கு ஒரு தொழிலும் வேண்டும் என்று உணர்ந்து, பொம்மை முதலிய கைத்தொழில்களைக் கற்பிக்கும் நவஜீவ நிலையத்தை அவர் தொடங்கினார்.

அவருடன் பணியாற்றிய மேரி வர்கீஸ் அம்மையாரின் வரலாறு இன்னும் உருக்கமானது. கேரளத்தில் பிறந்து வேலூரில் வைத்தியம் பயின்ற அவர், 1954-இல் கார் விபத்தொன்றில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே இயக்கமற்றுப்போனார். எனினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ரண சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் என்ற நிபுணரிடம் புனர்வாழ்வு வைத்தியம் பயின்று திரும்பி, வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை வகித்தார். 1966-இல் பாகாயத்தில் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் பாரத அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1986-இல் அவர் மறைந்தார். நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் அந்நிலையத்துக்குப் போகவேண்டிய அவசியமில்லை. ஆயினும் அதன் தத்துவம் நம் ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டியது. உடலுக்கு ஏற்றபடி வீட்டையும் வேலையையும் மாற்றியமைத்துக்கொண்டால் மனிதன் மீண்டும் முழு மனிதனாக வாழலாம் என்பதே அத்தத்துவம்.

வீட்டில் செய்யவேண்டியவை அதிகமில்லை. கழிப்பறையில் உயரமான பீடமும், சுவரில் பிடித்துக்கொள்ள ஓர் இரும்புக் கம்பியும் வேண்டும். குளிக்கும் இடத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது. வழுக்கும் கால்மிதியை எடுத்துவிடலாம். பாய்க்குப் பதில் முழங்காலுக்குச் சற்று உயரமான கட்டில், கைப்பிடியுள்ள நாற்காலி, நின்றபடியே காய் நறுக்க மேடையின் மேல் ஒரு பலகையும் கத்தியும், இவ்வளவே. ஆம்பூர்ப் பள்ளிவாசல்களில் நாற்காலியில் அமர்ந்து தொழும் பெரியவர்களைக் காண்கிறோம். இயலாதவர் அமர்ந்து தொழலாம் என்று அவர்களுடைய மார்க்கமே இடங்கொடுக்கிறது. நின்றபடி கைகூப்பினால் நம் கோயில்களிலும் தெய்வம் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

ஓராண்டு ஆனதும் வலியில்லை என்று எண்ணி வைத்தியரை மறந்துவிடக் கூடாது. எக்ஸ்ரே எடுத்து மூட்டின் நிலையைப் பார்த்துக்கொள்வது அவசியம். இடுப்பிலோ தொடையிலோ புதிதாக வலி தோன்றினாலும், தழும்பு சிவந்து வீங்கினாலும், காரணமில்லாத ஜுரம் கண்டாலும் உடனே செல்லவேண்டும். பல்லிலோ சிறுநீரிலோ கிருமி தொற்றினால் அது ரத்தத்தின் வழியே புதிய மூட்டைச் சென்று பற்றக்கூடும். ஆகையால் அவற்றைச் சிறிய நோய் என்று தள்ளிவைத்தல் ஆகாது.

பணம் ஒரு காலத்தில் பெருந்தடையாக இருந்தது. 2012 முதல் நடந்துவரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சையும் அடங்கியிருப்பதால், ஏழைக் குடும்பத்தாரும் இதனைப் பெற முடிகிறது. மூட்டின் விலையைச் சர்க்கார் கொடுத்துவிடலாம். ஆனால் கழிப்பறைப் பீடத்தை மகன்தான் வாங்கிப் போடவேண்டும். தினமும் பயிற்சிக்கு மருமகள்தான் நினைவூட்ட வேண்டும். உயரமான ஸ்டூலை முதலாளிதான் கொடுக்கவேண்டும். இவற்றுக்குக் காப்பீடு கிடையாது. பெருஞ் செலவும் கிடையாது. சிகிச்சைக்கு நாள் குறித்த அன்றே வீட்டார் கூடிப் பேசி இவற்றையும் குறித்துக்கொள்வார்களானால், அடுத்த ஆண்டு அந்தத் தாயோ தந்தையோ யார் கையையும் பிடிக்காமல் தம் வாசற்படியை இறங்கித் தெருவில் நடப்பதை அவர்கள் காண்பார்கள்.