பட்டியலில் இல்லாதவர் யாரிடம் முறையிடுவார்?

நிவாரண வரிசையில் காத்துநின்று, பட்டியலில் பெயரில்லையெனத் திரும்பிய அனுபவம் எம்மிற் பலருக்கு உண்டு. அப்பட்டியலை இப்போது இயந்திரமும் எழுதத் தொடங்கியுள்ளது.

மேற்கு ஆபிரிக்க நாடான டோகோவில், 2020 இல் கொரோனாத் தொற்றுப் பரவியபோது, வறியோரின் முழுமையான பதிவேடு அரசிடம் இருக்கவில்லை. செய்மதிப் படங்களையும் கைத்தொலைபேசிப் பாவனைத் தரவுகளையும் ஆராய்ந்து, செயற்கை நுண்ணறிவு வறியோரை இனங்கண்டது. 'கிவ் டைரெக்ட்லி' என்னும் தொண்டு நிறுவனம் அவர்களுக்குத் தொலைபேசி வழியே பணம் அனுப்பியது. வட்டாரவாரியாக மட்டும் தெரிவுசெய்வதைவிட இம்முறையில் விடுபடும் வறியோர் குறைவென 2022 இல் வெளியான ஆய்வு காட்டியது; முழுமையான பதிவேடு இருந்திருப்பின் அத்தொகை மேலும் குறைந்திருக்கும் எனவும் அதே ஆய்வு கணித்தது.

தொலைபேசியே இல்லாதவரை அவ்வியந்திரம் எவ்வாறு காணும்? தேடும் பணியை இயந்திரம் செய்யட்டும். ஆயின் விடுபட்டவரின் குறைகேட்க ஒரு மனிதர் இருத்தல் வேண்டும். அத்தகையவர் உள்ளாரா எனக் கேட்டறிந்த பின்னரே நாம் நிதி வழங்குவோம்.